டி டிரைவ் இல்லாத வீட்டில் டி டிரைவைத் தேடும் செட்டப்

நீண்ட பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் படிக்கவும். கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவும். உங்கள் மேல்தான் கோபம்.

நம் ஊர் முறுக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் நாத்தனார் வீட்டில் இருபது வருடமாகக் கை முறுக்குப் போடுகிறார்கள். பதினோரு பெண்கள் சுற்றுகிறார்கள். சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம் கடைகளுக்குச் சரக்குப் போகிறது. பாதிக்கு மேல் கடன் சரக்கு, வாரம் தவறி வசூல். சுற்றும் பெண்களில் பலர் வாரக் கூலியை முழுதாக வாங்குவதில்லை. நூறு இருநூறு முதலாளியிடமே நிற்கட்டும் என்று விட்டுவைத்து, தீபாவளிக்கு மொத்தமாகக் கேட்பார்கள். அவர்களுக்கு அதுதான் பேங்க்.

இந்தக் கணக்கெல்லாம் முன்பு நீளவாக்கு நோட்டில் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நன்றாகத்தான் ஓடியது. போன வருடம் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதிதாக லேப்டாப் வாங்கினார்கள். கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து, பென்டிரைவைச் செருகி, செட்டப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பென்டிரைவை எடுத்ததும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. போன் போட்டால், "திரும்பச் செருகிப் பாருங்கக்கா" என்றார். செருகினார்கள், திறந்தது. "அப்ப அது அப்படியே இருக்கட்டும்க்கா, எடுக்காதீங்க" என்றார். பூட்டுக்குச் சாவி மாதிரி ஏதோ ஒன்று என்று இவர்களும் நினைத்துக்கொண்டார்கள். சில சாஃப்ட்வேருக்கு அப்படிச் சாவி கொடுப்பதும் உண்டுதானே.

நடந்தது என்னவென்றால், அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் கணக்குக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தை "டி டிரைவ், அதற்குள் இந்த ஃபோல்டர்" என்று எழுத்துக்கு எழுத்து பதித்து வைத்திருக்கிறார். புது லேப்டாப்பில் சி டிரைவ் மட்டும்தான். செருகிய பென்டிரைவுக்கு விண்டோஸ் அடுத்த எழுத்தைக் கொடுத்தது. அடுத்த எழுத்து டி. சாஃப்ட்வேரும் சந்தோஷமாகப் பென்டிரைவுக்குள் ஃபோல்டரைத் திறந்து கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டது. இரண்டரை மாதம் அப்படியே ஓடியது, அதுவும் தீபாவளிக்கு முந்தைய இரண்டரை மாதம்.

அப்புறம் பேரன் பள்ளி ஆண்டு விழா போட்டோ வாங்க அந்தப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனான். ஸ்டுடியோக்காரர் வைரஸ் இருக்கும் என்று ஃபார்மட் செய்து, அதன் மேலேயே போட்டோவை ஏற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான். சேலத்தில் கொண்டுபோய்க் கொடுத்து மீட்டுப் பார்த்தோம். துண்டு துண்டாக ஏதோ வந்தது, கணக்கு வரவில்லை. கடைப் பாக்கி மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்கிறான். பெண்கள் விட்டுவைத்த கூலி தனி.

நாத்தனார் பதினோரு பேரையும் உட்கார வைத்து, "உங்க வாயால சொல்லுங்க, அதையே தர்றேன்" என்றாள். தந்தாள். அவர்களும் கூட்டிச் சொல்லவில்லை. ஒருத்தி, "போன வாரம் இருநூறு முன்னாடியே வாங்கிட்டேன் அக்கா" என்று தானே ஞாபகப்படுத்திக் கழிக்கச் சொன்னாள். கடைக்காரர்கள் எல்லோரும் அப்படி இல்லை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

கம்பெனிக்குப் போன் போட்டால் வந்த பதில்: "டி டிரைவ் இல்லாத மெஷின் வாங்கினது உங்க தப்பு."

இதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. துறையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், படிப்பான், தெரிந்துகொள்வான். அவன் சொன்னது: "டீச்சர், இதெல்லாம் சின்ன விஷயம். டைம் இல்லாதப்ப எல்லாரும் பாத்தை நேரா எழுதிருவாங்க. எங்க கஸ்டமருக்கு இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வரல. அதுக்கெல்லாம் வேரியபிள் போட்டுக்கிட்டு இருந்தா வேலை ஆகாது."

கண்ணு, இந்த "வேரியபிளை" உனக்கு ஏழாம் வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மாறி, மாறிலி. நீ மாறிக்குச் சின்ன ரகரம் போட்டு "மாரி" என்று எழுதி, வகுப்பே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? மாரி கோயிலில் இருக்கிறாள். மாறி உன் செட்டப் ஃபைலில் இருக்க வேண்டும்.

துறைக்கு வெளியே உள்ள உறவுகளுக்காக விளக்கிவிடுகிறேன். ஒரு சாஃப்ட்வேரை நம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். அதற்குள் கோப்புகளும் இருக்கும், எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பை இரண்டு விதமாக எழுதலாம். "சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் போடு" என்று பெயரைச் சொல்லி எழுதுவது ஒன்று. "இந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் வைக்கும் இடம் எதுவோ, அங்கே போடு" என்று எழுதுவது இன்னொன்று. இரண்டாவதில் "எதுவோ" என்ற இடத்தில் வருவதுதான் மாறி. அதன் மதிப்பை அந்தந்தக் கம்ப்யூட்டரே சொல்லும்.

எங்கள் துறையில் இதை என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையில் யார் பெயரும் இருக்காது. "தலைமையாசிரியர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி" என்றுதான் இருக்கும். ஜூனில் மாறுதல் ஆகி ஒருவர் போவார், ஒருவர் வருவார். கடிதம் தவறாமல் அந்த நாற்காலிக்கு வந்து சேரும். பெயரைப் போட்டு அனுப்பியிருந்தால் அவர் ஓமலூருக்குப் போன பிறகு கடிதமும் ஓமலூருக்குப் போகும். ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதும்போது ஆளைப் பார்த்து எழுது. செட்டப் ஃபைலில் நாற்காலியைப் பார்த்து எழுது.

"எங்க கஸ்டமருக்குப் பிரச்சினை வரல" என்கிறாயே, இடம் மாறாது என்று யார் சொன்னது? 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. முதல் நாள் ராத்திரி சேலம் மாவட்டத்தில் படுத்துத் தூங்கிய மல்லசமுத்திரத்துக்காரர்கள் காலையில் நாமக்கல் மாவட்டத்தில் எழுந்தார்கள். ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. "சேலம் மாவட்டம்" என்று அச்சடித்த விண்ணப்பங்களை அப்புறம் எத்தனை நாள் பேனாவால் அடித்து அடித்து எழுதினோம். மாவட்டம் என்று போட்டுப் பக்கத்தில் புள்ளிக்கோடு விட்டிருந்த விண்ணப்பம் மட்டும் தப்பித்தது. அந்தப் புள்ளிக்கோடுதான் தம்பி, மாறி.

விண்டோஸும் இப்படி எத்தனையோ தரம் மாவட்டம் பிரித்திருக்கிறது. விண்டோஸ் என்டி, 2000 ஆகியவற்றில் சிஸ்டம் ஃபோல்டரின் பெயர் "வின்என்டி". எழுத்துருவை "விண்டோஸ்" ஃபோல்டருக்குள் இருக்கும் "ஃபான்ட்ஸ்" ஃபோல்டரில் போடு என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அந்த மெஷினில் அப்படி ஒரு இடமே இருக்காது. எக்ஸ்பியில் பயனரின் கோப்புகள் "டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்ற ஃபோல்டரில் இருந்தன. 2007இல் விஸ்டா வந்ததும் அது "யூசர்ஸ்" ஆனது. 64 பிட் வந்ததும் "புரோகிராம் ஃபைல்ஸ்" இரண்டானது, பழைய 32 பிட் புரோகிராம்களுக்கு அடைப்புக்குறி போட்ட தனி ஃபோல்டர். ஜெர்மன் மொழி எக்ஸ்பியில் அந்த ஃபோல்டரின் பெயரே "புரோக்ராம்மே". உன் சாஃப்ட்வேரை ஜெர்மனிக்காரன் வாங்க மாட்டான், சரி. எங்கள் நாத்தனார் வாங்குகிறாள் அல்லவா?

2011 செப்டம்பர் 15 அன்று நம் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. என் சின்ன மகனுக்கும் பிளஸ் டூவில் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நான் லினக்ஸைத் தொட்டது அதில்தான். அங்கே சி டிரைவும் கிடையாது, டி டிரைவும் கிடையாது. எல்லாம் ஒரே மரம், ஒரு சாய்கோட்டிலிருந்து கிளை பிரியும். "சி டிரைவைத் திற" என்று அச்சடித்த பயிற்சித் தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முழித்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. தாளை எழுதியவர் தன் மேஜையைப் பார்த்து எழுதியிருந்தார்.

உபதேசம் பண்ணும் டீச்சர் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பேத்திக்காக வாய்ப்பாடு கேட்கும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். மகன் உதவியோடு டெபியன் பொதியாகவும் கட்டினேன். என் கணினியில் அமோகமாக ஓடியது. பேத்தியின் கணினியில் ஏற்றினால் கேள்விகளும் வரவில்லை, மணியும் அடிக்கவில்லை. கேள்விக் கோப்பின் பாதையில் என் ஹோம் ஃபோல்டரை, என் பெயரோடு, அப்படியே எழுதி வைத்திருந்தேன். அவள் வீட்டுக் கணினியில் என் பெயரில் யார் இருக்கிறார்கள்? அதுவும் ஒருவகையில் பெருமை பிடித்த வேலை. எல்லோர் வீட்டிலும் நான் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

திருத்தும்போது மகன் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் எனக்கு முதலில் விளங்கவே இல்லை. லினக்ஸில் பொதி கட்டும்போது இரண்டு மாறிகள் வரும். ஒன்று பிரிஃபிக்ஸ், இன்னொன்று டெஸ்ட்டிர். இரண்டும் இடத்தைத்தான் சொல்கின்றன, எதற்கு இரண்டு என்று கேட்டேன். முறுக்கு டின்னைப் பார்த்த பிறகு புரிந்தது. டின்னை நிரப்புவது நம் ஊர்ப் பின்கட்டில். ஆனால் டின் மேல் ஒட்டும் சீட்டில் சேலத்துக் கடையின் விலாசம் இருக்கும், பின்கட்டின் விலாசம் இருக்காது. பிரிஃபிக்ஸ் என்பது சீட்டில் எழுதும் விலாசம், கோப்பு கடைசியில் போய் வாழப் போகும் இடம். டெஸ்ட்டிர் என்பது பின்கட்டு, கட்டி முடிக்கும்வரை தற்காலிகமாக அடுக்கும் இடம். இரண்டையும் குழப்பினால் பின்கட்டு விலாசம் சீட்டில் ஏறிவிடும். கடையில் டின்னைத் திறந்தால், உள்ளே இருப்பது இன்னும் ஆட்டையாம்பட்டிப் பின்கட்டைத் தேடிக்கொண்டிருக்கும். நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

அந்த மாணவன் விடவில்லை. "மாறி போட்டாலும் ஆபத்துதான் டீச்சர், ஸ்டீம் கதை தெரியுமா?" என்றான். தெரியாது, தேடிப் படித்தேன். அவன் சொன்னது உண்மை, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் செயலி. அதன் லினக்ஸ் பதிப்பில் ஒரு ஸ்கிரிப்ட். தன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். பிறகு, தேவைப்பட்டால், "அந்த மாறி, ஒரு சாய்கோடு, அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் அழி" என்று ஒரு வரி. 2015 ஜனவரியில் ஒருவர் அந்த ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தார். ஸ்கிரிப்ட் தேடியது, கிடைக்கவில்லை, மாறி காலியாக நின்றது. காலி மாறியும் சாய்கோடும் சேர்ந்தால் மிஞ்சுவது வெறும் சாய்கோடு. லினக்ஸில் வெறும் சாய்கோடு என்றால் மொத்த மரம். அவருடைய கோப்புகள் எல்லாம் அழிந்தன, பேக்கப் வைத்திருந்த வெளி டிரைவ் உட்பட. இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம், அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதியவர் "பயமாயிருக்கிறது" என்ற பொருளில் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். பயந்தவர் குறிப்பு எழுதிய நேரத்தில் ஒரு சோதனை எழுதியிருக்கலாம். மாறி காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடு என்று ஷெல்லுக்குச் சொல்ல ஒரு முக்காற்புள்ளியும் ஒரு கேள்விக்குறியும் போதும்.

ஆனால் இதை வைத்து "அதனால்தான் நேராக எழுதுகிறோம்" என்று சொல்ல முடியாது. நேராக எழுதியவர்களின் கதை 2011இல் நடந்தது. பம்பிள்பீ என்று லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுக்கான லினக்ஸ் நிரல். அதன் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு பழைய ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வரி, முழுப் பாதையும் கையால் எழுதியது. "யூஎஸ்ஆர்" என்ற சொல்லுக்குப் பிறகு தவறி ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி விழுந்தால் ஷெல்லுக்கு அது இரண்டு பாதை. முதல் பாதை, லினக்ஸின் பாதி உயிர் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர். அதை அழித்தது. நீளமான பாதையைப் பத்து இடத்தில் கையால் எழுதினால் பத்து இடத்திலும் கை தவறலாம். ஒரு இடத்தில் எழுதி மாறியில் வைத்துக்கொண்டால் திருத்தவும் ஒரே இடம்.

இடைவெளி என்றதும் நம் பெயர்கள் ஞாபகம் வருகின்றன. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். "எஸ் முருகன்" என்று விண்டோஸில் பெயர் கொடுத்தால் பயனர் ஃபோல்டரின் பெயரிலும் அந்த இடைவெளி வந்துவிடும். பாதைக்கு மேற்கோள் குறி போடாத ஸ்கிரிப்ட் "எஸ்"ஸோடு நின்றுகொண்டு, முருகன் யாரோ என்று நினைக்கும். ஆப்பிள் கம்பெனியே 2001இல் ஐட்யூன்ஸ் 2 நிறுவியில் இதில் சறுக்கியது. டிஸ்க் பெயரில் இடைவெளி இருந்தவர்களில் சிலருக்கு டிஸ்கே அழிந்தது. அவசரமாகத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டார்கள்.

சரி, இடைவெளி இல்லாமல் தமிழிலேயே "கந்தசாமி" என்று கொடுக்கலாமே? கொடுத்துப் பாருங்கள். நம் கணக்கில் அது ஐந்தெழுத்து. யூனிகோடு கணக்கில் எட்டு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் வரும் என்று எண்ணி எழுதிய நிறுவி கந்தசாமி வீட்டு வாசலிலேயே மயங்கி விழும். லினக்ஸில் வழக்கமாக ஒரு கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து, தமிழில் 85 குறியீடு. பிள்ளைகளுக்குத் தமிழில் பெயர் வையுங்கள் என்று மேடையில் பேசும் நாம், அந்தப் பெயரோடு ஒரு கம்ப்யூட்டரில் நுழைய முடியாமல் செய்வது நியாயமா? இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதும் நம் பிள்ளைகளே சோதிக்காவிட்டால் வேறு யார் சோதிப்பார்கள்?

நாத்தனார் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த டி டிரைவை எழுதியவரின் மனசும் எனக்குப் புரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடைகளில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், டி பத்திரமாக இருக்கும். கணக்கை டி-யில் வைப்போம் என்று அவர் நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் நல்ல எண்ணத்தைக் கல்லில் வெட்டிவிட்டார். கேட்டிருக்கலாம். ஏற்றும்போதே, "கணக்கை எங்கே வைக்கட்டும்?" என்று ஒரு பெட்டி வந்திருந்தால் போதும். கேட்க மனமில்லை என்றால், எல்லாப் பயனருக்கும் பொதுவான தரவு வைக்க விண்டோஸே "புரோகிராம்டேட்டா" என்று ஒரு இடம் வைத்திருக்கிறது, அதற்கு மாறியும் இருக்கிறது. இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற நிறுவி கட்டும் கருவிகளில் இந்த மாறிகள் தயாராக வருகின்றன. ஒரு சொல்லை எழுதினால் முடிந்தது. நேரமில்லை என்ற பேச்சே எடுபடாது.

இன்னொன்று. தேடிய டிரைவ் இல்லை என்றால் சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும்? தமிழில், பெரிய எழுத்தில், "கணக்கு வைக்கும் இடம் காணவில்லை, எங்கே என்று காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். கிடைத்த டிரைவ் கழற்றக்கூடிய ஒன்றா என்று விண்டோஸைக் கேட்டால் அது சொல்லும். கேட்கவே இல்லை. எழுத்து பொருந்தியதும் உள்ளே போய்ப் பாயை விரித்துவிட்டது.

என் மாணவன் கடைசியாக, "டீச்சர், அவங்க பேக்கப் எடுத்திருக்கணும்" என்றான். எடுத்தார்கள் தம்பி. வாரா வாரம் பேக்கப் பொத்தானை அழுத்தினார்கள். அந்தப் பொத்தான் பேக்கப்பை எங்கே வைத்தது தெரியுமா? அதே டி டிரைவில், பக்கத்து ஃபோல்டரில். அதுவும் பதித்து வைத்த பாதைதான். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் நல்ல பிள்ளை. அன்றைக்கு ராத்திரி, தான் கட்டும் பொதியில் தேடிப் பார்த்ததாகவும், பதினேழு இடத்தில் "சி" என்று நேரடியாக இருந்ததாகவும் மெசேஜ் அனுப்பினான். திருத்தினானா என்று இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் சொல்லு.

இப்போது நாத்தனார் வீட்டில் கணக்கு மறுபடியும் நீளவாக்கு நோட்டில் ஓடுகிறது. கடைக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம். மாப்பிள்ளை மட்டும், "அத்தை, வேற சாஃப்ட்வேர் பார்த்து நீங்களே பக்கத்துல உக்காந்து ஏத்திக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்னால் தனியாக முடியாது. சேலம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. காலையில் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஒரு காலிப் பென்டிரைவ் கொண்டு வாருங்கள், அதைச் செருகியும் பார்க்க வேண்டும், கழற்றியும் பார்க்க வேண்டும். முறுக்கு உண்டு.